தாய்மாமன் மாலையும் முப்பத்து நாலு சதவீதமும்

பெரம்பலூர்
20.2.2025

அன்புத் தங்கை ஜோதிக்கு,

அண்ணன் தமிழ்மாறன் தலைகுனிந்து எழுதுவது. நிஜமாகவே குனிந்துதான் எழுதுகிறேன். நிமிர்ந்து எழுதினால் வரி ரஞ்சன்குடி கோட்டை மேல் ஏறுகிறது.

முதலில் வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்றலின் அரங்கேற்றத்துக்கு நான் வாங்கி வந்த தாய்மாமன் மாலையைக் கூட்டத்தில் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? பொய். அது என் லேப்டாப் பைக்குள்ளேயே இருந்தது. நேற்றுதான் உன் அண்ணி பையைத் திறந்தாள். வாடிக் கறுத்த மாலையோடு லேப்டாப்பை வெளியே எடுத்து, "என்னங்க, கம்ப்யூட்டருக்குக் கருமாதியே பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் செய்தால் ஒரே மணியில் அறுந்து போகிறது. ஆனால் தபாலை நீ தடுக்க முடியாது. வருகிற கடிதத்தை முத்திரை குத்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உன் உத்தியோகம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள் அண்ணன் கடிதத்தைக் கிழித்துப் போட்டால் மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன், அதையும் தபாலிலேயே. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவன், கவரில் எந்த மூலையில் ஸ்டாம்ப் ஒட்டுவது என்று கவுண்டரில் கேட்டேன். அங்கே இருந்த பெண், "யூடியூப்ல இருக்கும் பாருங்க சார்" என்றாள். எனக்கு இதுவும் வேண்டும்.

அன்று சிறுவாச்சூர் மண்டபத்தில் நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற நம் சனம் எல்லாம் தென்றலின் நாதஸ்வரத்தைக் கேட்க வேண்டும் என்று லேப்டாப்பில் நேரலைக்கு ஏற்பாடு செய்தேன். சிங்கப்பூர், துபாய், திருப்பூர், எறையூர் பெரியப்பா வீடு என்று நாற்பத்து மூன்று இடத்தில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சரியாக மாலை போடும் நேரத்தில் லேப்டாப் அப்டேட் ஆக ஆரம்பித்தது. முப்பத்து நாலு சதவீதத்தில் நின்றுவிட்டது. "தாய்மாமன் வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். கையைக் காட்டினேன். மறுபடி கூப்பிட்டார்கள். நல்ல நேரம் போகிறது என்று தென்றல் வாசிக்கவே தொடங்கிவிட்டாள். நீ மேடை ஓரத்திலிருந்து கண்ணை உருட்டி உருட்டிக் கூப்பிட்டாய். நான் கீழேயிருந்து "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கத்தினேன். முப்பத்து நாலு முப்பத்தைந்தாகும்போது லேப்டாப்பை விட்டுவிட்டு மேடைக்குப் போக மனம் வரவில்லை. மாலை போடுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு, அப்டேட்டைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான் என்று அப்போது தோன்றியது. இப்போது தலைகீழாகத் தோன்றுகிறது.

அப்புறம் நேரலை ஓடியது. இரைச்சலை நீக்கும் வசதியை முழுசாக வைத்துவிட்டேன். அது ஆபீஸ் மீட்டிங்குக்கென்று செய்த சாமான். மனுஷன் பேச்சை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று துடைத்துவிடும். அதன் கணக்கில் நாதஸ்வரமும் தவிலும் இரைச்சல். பக்கத்திலிருந்த மைக் செட் ராசாங்கத்திடம் நான் அளந்த வம்பு மட்டும் பேச்சு. நாற்பத்து மூன்று இடத்திலும் தென்றல் சத்தமே இல்லாமல் கன்னத்தை உப்பிக்கொண்டிருக்க, பின்னணியில் என் குரல் வானொலிச் செய்தி மாதிரி தெளிவாகப் போயிருக்கிறது.

நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அரியலூர் புத்தகத் திருவிழா மேடையில் தென்றலின் கச்சேரி என்று கேள்விப்பட்டேன். அங்கேயாவது அந்த மாலையைப் போட்டுவிட வேண்டும், ஜோதி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

என் பழைய போன் ஒன்று, சும்மா கூடுதலுக்கு ஒலிப்பதிவு ஓடட்டும் என்று மேடையில் வைத்தது, அங்கேயே தங்கிவிட்டது. கண்ணில் பட்டால் எடுத்து வை.

இப்படிக்கு,
மாலை இன்னும் பாக்கியிருக்கும் அண்ணன்,
தமிழ்மாறன்


அரியலூர்
27.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

'நீங்கள்' என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். கோபத்தில் அது வரவில்லை. அதனால் நீ.

உன் கவர் மேல் முத்திரையை நானே குத்தினேன். மூன்று தடவை. போஸ்ட் மாஸ்டர், "ஏம்மா, மேசை ஒடஞ்சிரப் போவுது" என்றார். "எங்க அண்ணன் சார்" என்றேன். "அப்ப சரி, இன்னொன்னு குத்திக்க" என்றார்.

நீ என்ன பேசினாய் என்று எழுத மாட்டாயாமே. நான் எழுதுகிறேன். "பொன்னாயி அக்கா கட்டியிருக்கிற பட்டு ஜோதி எடுத்துக் குடுத்தது, தானே வாங்குனதா சொல்லிக்கிட்டுத் திரியுது" என்றாய். என் நாத்தனார் திருப்பூரிலிருந்து அந்தப் பட்டை பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பார்சலும் என் கவுண்டருக்குத்தான் வந்தது. அதைக்கூட விடு.

"இந்த முத்துவேலு இருக்கானே, பொண்ணு நாயனம் ஊதக் கூடாதுன்னு ஆறு மாசம் அதைப் பரண் மேல ஒளிச்சு வச்சான். இப்பப் பாரு, மொத வரிசைல மீசைய முறுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கான்" என்றாய். சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அவர் ஏன் ஒளித்து வைத்தார் என்று உனக்குத் தெரியும். "எங்க தாத்தா கண்டவன் வாசல்ல நின்னு மேளம் அடிச்சாரு. கஞ்சிய வாசல்லயே வாங்கிக் குடிச்சாரு. எம் பொண்ணும் போயி வாசல்ல நிக்கணுமா?" என்று உன் முன்னால்தானே கேட்டார். இசைப் பள்ளி ஆண்டு விழாவில் இரவல் நாதஸ்வரத்தோடு இவள் மேடையில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, ஆலையில் ஷிப்டு முடித்த அழுக்குச் சட்டையோடு ஏணி போட்டு அதை இறக்கியவரும் அவர்தான். துணியால் துடைத்து இவள் மடியில் வைத்தார். அதை நான் உன்னிடம் சொன்னேன். ஒளித்து வைத்ததை உலகத்துக்கே ஒலிபரப்பினாயே, இறக்கிக் கொடுத்ததை ஏன் சொல்லவில்லை?

இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனிமே எம் பொண்ணுக்கு மாலைய நானே போட்டுக்கிறேன்." தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அப்பன் மாலை போட்டால் ஊர் என்ன பேசும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வராதே.

உன் போன் பூக்கூடைக்கு அடியில் கிடந்தது. சார்ஜ் இல்லை. திருப்பி அனுப்புவதாக இல்லை.

ஜோதி


பெரம்பலூர்
10.3.2025

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளைக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதம் வந்து சேர்ந்திருக்கும். சேர்ந்திருந்தால் தயவுசெய்து அதை ஒளித்து வை. பரண் இருக்கிறதல்லவா, அங்கே.

நடந்தது இதுதான். சொந்தமாக எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. கேட்டதை எழுதித் தரும் புது மென்பொருள் ஒன்று சென்டரில் போட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் அதில்தான் மனு எழுதிக் கொடுக்கிறேன். 'பேச்சால் மனம் புண்பட்ட ஒரு பெரிய மனிதருக்கு மன்னிப்புக் கடிதம்' என்று கேட்டேன். நாலு நொடியில் அச்சு வந்தது. எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சாயந்திரம் உன் அண்ணி கம்ப்யூட்டரில் இருந்த நகலைச் சத்தமாகப் படித்தாள். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தங்கள் உணர்வுகள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவை. பதினைந்து வேலை நாட்களுக்குள் தீர்வு காணப்படும்." கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று புகார் கொடுத்தவனுக்கு எழுதியது மாதிரி இருந்தது.

ஆகவே இதைக் கையால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு.

மாப்பிள்ளை, நீங்கள் நாதஸ்வரத்தை ஒளித்து வைத்ததைச் சொன்னவன், இறக்கிக் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டேன். மறந்து விடவில்லை. முன்பாதி வம்பு, அதில் சுவை இருந்தது. பின்பாதி நல்ல செய்தி, அதில் சுவை இல்லை. என் வாய் அப்படிப்பட்ட வாய். இதற்கு எந்த மென்பொருளையும் குற்றம் சொல்ல முடியாது. அது இரைச்சலைத் துடைத்துவிட்டுப் பேச்சை வைத்தது. நான் அதற்கும் முன்பே உங்களைப் பற்றிய நல்லதைத் துடைத்துவிட்டேன்.

நம் இரண்டு வீட்டிலும் மேடைக்குப் பந்தக்கால் நட்டவர்கள் உண்டு, ஜமுக்காளம் சுமந்தவர்கள் உண்டு. மேடை மேல் உட்கார்ந்தவர் யாரும் இல்லை. அன்று எங்கள் தென்றல் உட்கார்ந்தாள். அதை நாற்பத்து மூன்று ஊரும் பார்க்கட்டும் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையில் நான் மட்டும் பார்க்கவில்லை. அன்று அவள் என்ன வாசித்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்டேட் எத்தனை சதவீதத்தில் நின்றது என்று கேளுங்கள், சொல்வேன்.

பொன்னாயி அக்காவுக்கும் போன் செய்தேன். பதினொரு நிமிஷம் திட்டினார். எடுத்துப் பேசினாரே, அதுவே பெரிய விஷயம்.

தமிழ்மாறன்


அரியலூர்
18.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் அச்சடித்ததைத்தான் இவர் பிரித்தார். ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். "பதினஞ்சு வேலை நாளாம்ல, ஞாயித்துக்கெழம சேருமா சேராதா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்கும்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கடிதம் இப்போது ஆலையில் இவர் ஷிப்டு முழுக்கச் சுற்றுகிறது. யார் தாமதமாக வந்தாலும், "தங்கள் உணர்வுகள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவை" என்கிறார்களாம்.

கையால் எழுதியதை நான் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் இவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நேற்று சாப்பிடும்போது சொன்னார். "வரச் சொல்லு. ஆனா சும்மா இல்ல."

நிபந்தனைகள் இவை. வருகிற 23ஆம் தேதி, ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி. போன் கூடாது, லேப்டாப் கூடாது. கையில் கட்டியிருக்கிறாயே, நடந்தால் நடந்தாய் என்று சொல்லும் அந்தக் கடிகாரமும் கூடாது. மாலை வாங்கி வரலாம். ஆனால் முதலிலேயே போட முடியாது. முதல் உருப்படி முடிகிற வரை நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாயா என்று இவர் பார்ப்பார். பிறகுதான் மாலை.

தென்றல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். "மாமா கண்ணையும் மூடிக்கிட்டுக் கேக்கணும். தெறந்தா என்னப் பாக்க மாட்டாரு, மைக்செட் பொட்டியில என்ன லைட்டு எரியுதுன்னுதான் பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்பா தொட்டு எழுப்புற வரைக்கும் தெறக்கக் கூடாது."

மைக் செட் அதே ராசாங்கம்தான். அவர் பக்கத்தில் உட்காராதே.

ஜோதி


பெரம்பலூர்
25.3.2025

என் அருமைத் தங்கை ஜோதிக்கு,

பெருமையோடு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை உன் அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். மடியில் மாலை. மணி என்ன என்று கண்டக்டரிடம் நாலு தடவை கேட்டேன். ஐந்தாம் தடவை, "எறங்கும்போது சொல்றேன், பேசாம ஒக்காருங்க" என்றார். கடிகாரம் கழற்றிய மணிக்கட்டைப் பார்க்கப் பார்க்க யாருடையதோ மாதிரி இருந்தது.

திடல் வாசலிலேயே மாப்பிள்ளை நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

"மச்சான், பாக்கெட்டு."

சட்டைப் பையில் பஸ் டிக்கெட். பேண்ட் பையிலிருந்து பவர் பேங்க் வந்தது.

"போனே இல்லாம இது எதுக்கு?"

"ஒரு தைரியத்துக்கு, மாப்பிள்ள."

அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்து, கண்ணை மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் விழித்துக்கொண்டே கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் புத்தகம் வாங்கிய பிள்ளைகளின் கூச்சல், பஜ்ஜி வாசனை. கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம் எழுந்தது.

ஜோதி, எனக்கு ராகம் தெரியாது. ராகம் கண்டுபிடிக்கும் செயலி ஒன்று வைத்திருந்தேன், அது நம் வீட்டு மிக்சியைக்கூட ஏதோ ஒரு ராகம் என்று சொல்லும். அன்று அது இல்லாததே நல்லதாயிற்று. அந்தச் சத்தம் நேராக வந்து நெஞ்சில் கையை வைத்தது. குழந்தையாக இருந்தபோது பாலுக்கு அழுவாளே, அந்த மூச்சுதானே இது என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கக் கூடாதென்று நிபந்தனை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வருவதற்குத் தடை ஏதும் இல்லை. வந்தது. மாலையில் சொட்டியது.

ஒன்றே ஒன்றுதான் குறை. நல்ல இடத்தில், அவள் மேலே போய் நிற்கிற நேரம், எவனோ ஒரு மடையன் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று காட்டுக் கத்தல் கத்தினான். கண்ணைத் திறக்கக் கூடாது என்பதால் தப்பித்தான். இல்லாவிட்டால் எழுந்து போய் ஓர் அறை விட்டிருப்பேன். கச்சேரிக்கு வந்தால் கேட்கத் தெரிய வேண்டாமா? இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது.

அப்புறம் தோளில் ஒரு கை விழுந்தது. "மச்சான், எந்திரிங்க. மாலை." கண்ணைத் திறந்தேன். மேடையில் தென்றல், மடியில் நாதஸ்வரம். மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மைக்கில் "தாய்மாமன்" என்றார்கள். போட்டேன், ஜோதி! கை தட்டினார்கள். தென்றல் குனிந்து மெல்லக் கேட்டாள்: "மாமா, எத்தன சதவீதம்?" "நூறும்மா" என்றேன். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

கண்ணைத் திறந்து கேட்ட மீதிக் கச்சேரியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடிக் கேட்ட அந்த இருபது நிமிஷம் வேறு. அதுதான் உயிர். நேரில் கேட்பதற்கும் இயந்திரத்தில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஐம்பத்திரண்டு வயதில் கண்டுபிடித்துவிட்டேன். இனிமேல் ஒலிப்பதிவு என்ற பேச்சே என் வாயில் வராது. சென்டருக்கு வருகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒருவர் கேட்டுவிட்டுச் சான்றிதழை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பவர் பேங்க்கை மாப்பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும்.

பெருமையில் தரை தெரியாமல் நடக்கும்,
உன் அண்ணன்
தமிழ்மாறன்


அரியலூர்
29.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்கு இந்தத் தடவை ஒரே முத்திரைதான், அதுவும் மெதுவாக. இவரிடம் படித்துக் காட்டினேன். தென்றல் சொல்ல வேண்டாம் என்றாள். நான் உனக்குத் தங்கை, சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிவிடும்.

அன்று தவில்காரர் வந்த வண்டி சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஆறு மணிக்குத் தவில் இல்லை. தென்றல் என்னோடு மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். "சும்மா இருந்தா சனம் கலஞ்சிரும், எதாச்சும் போடுறேன்" என்றார் ராசாங்கம். தென்றல் உன் பழைய போனை எடுத்துக் கொடுத்தாள். அதைச் சார்ஜ் போட்டு ஒரு மாதமாக வைத்திருக்கிறாள். அரங்கேற்றம் முழுவதும் அதில் இருக்கிறது, ஒரு சுரம் குறையாமல். நீ உலகத்துக்கே அனுப்பியதில் இல்லாத வாசிப்பு, பூக்கூடைக்கு அடியில் நீ மறந்துவிட்டுப் போனதில் இருந்தது.

நீ அழுத அந்த இருபது நிமிஷமும் மேடை காலி, அண்ணா. முன்வரிசை முழுக்க உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர் உன்னை எழுப்பப் போனார். இவர்தான் கையைப் பிடித்துத் தடுத்தார். "விடுங்க. சிறுவாச்சூருல கேக்காததை இப்பத்தான் கேக்குறாரு" என்றார். தவில்காரர் வந்து, தென்றல் போய் உட்கார்ந்த பிறகுதான் உன்னைத் தொட்டார்.

இவரும் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். இதை யாரிடமும் ஒலிபரப்பாதே.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது.

உன் தங்கை
ஜோதி

பி.கு.: "ஒரு நிமிஷம்" என்று கத்திய மடையனை அறைய வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பதிவில் ஏழாவது நிமிஷத்தில் வருகிறது. உன் குரல்தான்.